சிவப்பு விழாத வாரங்கள்

மார்ச் 3, ஞாயிறு

பிரிண்டர் படுத்துவிட்டது. மேலத்தெருவிலிருந்து ஓர் அம்மா, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் பழங்களின் படம் கேட்டு வந்தாள். ஆப்பிள் நெடுக வெள்ளைக் கோடு விழுந்தது. "இது ஆப்பிளாக்கா, அணிலா?" என்று கேட்டாள். எனக்கும் வாயில் ஒன்று வந்தது. அடக்கிக்கொண்டேன். கடைக்கு வருகிறவர்களிடம் வாயைக் காட்டக் கூடாது என்று நானே எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம்.

தென்காசியிலிருந்து பீர் முகமது அண்ணாச்சி வந்தார். இந்தப் பக்கத்துப் பிரிண்டர்களுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கலர் அடிச்சு எத்தனை நாளாச்சும்மா?" என்றார்.

"பொங்கலுக்கு அடிச்சது."

"அதான. மைங்கிறது பாதிக்கு மேல தண்ணி. இந்தக் காத்துல ஓட்டை வாயில நிக்கிற மை காஞ்சு பொருக்குத் தட்டிரும். அந்த ஓட்டை தலைமுடியை விடச் சின்னது. பொறவு எங்க இறங்கும்?"

ஏதோ மருந்துத் தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் ஊற வைத்துச் சரி செய்தார். வாரம் ஒரு முறை எல்லா நிறமும் வருகிற மாதிரி ஒரு தாள் அடித்துவிட வேண்டுமாம். ஒன்று போதுமாம். போகும்போது கடிகாரம் மாதிரி ஒரு சின்னப் பெட்டியை மேஜையில் வைத்தார். காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று காட்டுமாம்.

"நாப்பதுக்குக் கீழ போனா மை காயும். எண்பதுக்கு மேல போனா தாள் ஊறும். ரெண்டுக்கும் நடுவுலதான் நமக்குப் பொழப்பு" என்றார்.

இப்போது 34 காட்டுகிறது.

வீட்டு முன்னறையில் நான் நடத்தும் இந்தத் தட்டச்சுக் கடைக்கு வருவதெல்லாம் கறுப்பு வேலை. பட்டா மனு, முதியோர் விண்ணப்பம், பள்ளிக்கூடத்து வினாத்தாள். எல்லா நிறமும் இருக்கிற படம் ஒன்று கம்ப்யூட்டரில் தேடியதில் பழைய நோட்டீஸ்தான் கிடைத்தது. 'காணவில்லை. பெயர் ஆவுடையப்பன். வயது 41. மாநிறம். ஐந்தடி ஆறங்குலம்.' என் வீட்டுக்காரர். சடங்கு வீட்டில் எடுத்த படம் என்பதால் பின்னால் நீலப் பந்தல் துணி, பச்சை வாழையிலை, மஞ்சள் பழத்தார். அவர் போட்டிருப்பது சிவப்புச் சட்டை. பிரிண்டருக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது.

பத்து அடித்தேன்.

மார்ச் 4, திங்கள்

அடித்த தாளைக் குப்பையில் போட மனம் வரவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ராஜபாளையம் கண்டக்டரிடம் பத்தையும் கொடுத்தேன். போகிற வழியில் எங்காவது ஒட்டச் சொன்னேன்.

"இன்னும் தேடுதியளாக்கா?" என்றார்.

பிரிண்டருக்காக அடித்தது என்று சொன்னேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

மார்ச் 17, ஞாயிறு

ஈரப்பதம் 36. செங்கோட்டையில் பங்குனி இப்படிக் காய்வது புதிதில்லை. உதடு வெடிக்கிறது. பீர் அண்ணாச்சியின் யோசனைப்படி பிரிண்டர் பக்கத்தில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்திருக்கிறேன். அலமாரியிலிருந்து இரண்டாவது டம்ளரை எடுத்து ரொம்ப நாளாயிற்று. கழுவ வேண்டியிருந்தது.

பத்து அடித்தேன். புளியங்குடி பஸ்.

ஓர் ஆளுக்கு ரசம் வைக்க எனக்கு இன்னும் கைவரவில்லை. எவ்வளவு குறைத்தாலும் இரண்டு பேருக்கு வந்துவிடுகிறது. நாளைக்கும் ரசம்தான்.

மார்ச் 31, ஞாயிறு

குற்றாலிங்கம் வந்தார். என் வீட்டுக்காரரின் தம்பி, தென்காசியில் இருக்கிறார். கையில் வெற்றிலை பாக்கும் இனிப்பும் இருந்தன. அதைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்தது.

"சுபஸ்ரீக்கு முடிஞ்சாச்சு மதினி. மாப்பிள்ளை அம்பாசமுத்திரம். சர்வே ஆபீஸ்ல இருக்காரு. ஆவணில தேதி."

சந்தோஷம் என்றேன். சந்தோஷம்தான். சுபஸ்ரீ அவர் மகள். அந்தப் பிள்ளையின் சடங்கு வீட்டில்தான் என் வீட்டுக்காரர் காணாமல் போனார். அது இப்போது கல்யாணத்துக்கு நிற்கிறது.

காப்பி குடித்து முடித்தும் குற்றாலிங்கம் எழுந்திருக்கவில்லை. டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"பத்திரிகைல பெரியப்பா பேரு போடணும்லா. திருன்னு போடவா, தெய்வத்திருன்னு போடவான்னு சம்பந்தி வீட்ல கேக்காக."

"நீங்க என்ன சொன்னிய?"

"மதினிட்ட கேட்டுச் சொல்லுதேன்னேன்." டம்ளரைக் கீழே வைத்தார். "இந்த ஆனியோட பன்னிரண்டு வருசம் முடியுது. ஐயர்ட்ட விசாரிச்சேன். தர்ப்பையில உருவம் செஞ்சு கொள்ளி வச்சு, காரியம் பண்ணிரலாம்ங்காரு. ஆடி அமாவாசைக்குப் பாவநாசத்துல வச்சுக்கிடலாம். அதைப் பண்ணாம கல்யாணம் நடத்தக் கூடாதுன்னு அவாள் வீட்ல நிக்காக."

"உயிரோட இருந்தாகன்னா?"

"இருந்தா வந்திருப்பாகல்லா மதினி."

என் நெற்றியைப் பார்த்தாரோ என்னவோ, அவசரமாக, "பொட்டெல்லாம் நீங்க எடுக்க வேண்டாம். இந்தக் காலத்துல யாரு அதெல்லாம் பாக்கா" என்றார்.

அமாவாசைக்கு முன்னால் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன். ஆடி அமாவாசை ஆகஸ்ட் 4. நான்கு மாதம் இருக்கிறது. அதற்குள் அவர் இருக்கிறாரா இல்லையா என்று நான் முடிவு செய்ய வேண்டும். பன்னிரண்டு வருஷம் போலீசால் முடியாததை.

பிரிண்டருக்குப் பத்து அடித்தேன். கடையநல்லூர்.

ஏப்ரல் 7, ஞாயிறு

ஈரப்பதம் 29. டம்ளர் தண்ணீர் ஒரு நாளில் விரற்கடை குறைந்துவிடுகிறது.

நோட்டீஸில் சட்டை மஞ்சளாக விழுந்தது. நல்ல மஞ்சள், எலுமிச்சம்பழ மஞ்சள். முகமும் காமாலை வந்த மாதிரி. கிளீனிங் மூன்று முறை கொடுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

பீர் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். "சிகப்புன்னு தனியா மை கிடையாதும்மா. மெஜந்தான்னு ஒரு ரோஸ் மையும் மஞ்சளும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தாத்தான் சிகப்பு. மெஜந்தா அடைச்சிட்டு, மஞ்சள் மட்டும் விழுது. நோன்புக் காலமா இருக்கு. பெருநாள் கழிச்சு வந்து பாக்கேன்" என்றார்.

மஞ்சள் சட்டையோடு பத்துத் தாள். வைத்திருந்து என்ன செய்ய? தேனி பஸ்ஸில் கொடுத்துவிட்டேன். எந்த வாரத்துத் தாள் எந்த ஊருக்குப் போயிற்று என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வருகிறேன். சும்மாதான்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப்பிறப்பு. பாயசம் வைக்கவில்லை. மஞ்சள் சட்டை, பத்து. சங்கரன்கோவில்.

ஏப்ரல் 18, வியாழன்

பீர் அண்ணாச்சி முந்தாநாள் வந்து மெஜந்தாவைத் திறந்துவிட்டார். பிரியாணியும் கொண்டுவந்தார். நான் சைவம் என்பது அவருக்கு மறந்துவிட்டது. எனக்கும் சொல்ல மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.

இன்று சங்கரன்கோவிலிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். கோவில் வாசலில் அவர் உட்கார்ந்திருக்கிறாராம். அச்சு அசல் அதே முகமாம். செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். என்ன தோன்றியதோ, "சட்டை என்ன கலருண்ணே?" என்று கேட்டேன்.

"மஞ்சள்தாம்மா. படத்துல இருக்க அதே சட்டை."

நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

பன்னிரண்டு வருஷமாக ஒரே சட்டையை மாற்றாமல் ஒரு மனிதர் திரிவார் என்று ஊரெல்லாம் நம்புகிறது. முதல் இரண்டு மூன்று வருஷம் எத்தனை பேர் கூப்பிட்டார்கள். மதுரை, கொல்லம், ஒரு தடவை திருப்பதி வரைக்கும் போனேன். எல்லோரும் சிவப்புச் சட்டை என்றுதான் சொன்னார்கள். நானும் நம்பி நம்பிப் போனேன். அவர்கள் பார்த்தது அவரை இல்லை, நோட்டீஸைத்தான் என்று இன்றைக்குத்தான் உறைத்தது. பிரிண்டர் அடைத்ததில் எனக்கு ஒரு பஸ் பயணம் மிச்சம்.

நோட்டீஸில் சட்டையின் நிறத்தை நான் எழுதவில்லை. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தபோதும் அந்த வரியை விட்டுவிட்டேன். படத்தில்தான் இருக்கிறதே.

இனிமேல் யார் கூப்பிட்டாலும் முதலில் சட்டையைக் கேட்பது என்று முடிவு.

மே 12, ஞாயிறு

ஈரப்பதம் 27. அக்னி நட்சத்திரம். பத்து. இன்று தேங்காய்க்காரரைத் தவிர யாரிடமும் பேசவில்லை. அவரிடமும் "முத்தலா கொடுங்க" என்பதோடு சரி.

மே 26, ஞாயிறு

இந்த வாரம் மஞ்சள் மை அடைத்துக்கொண்டது. சட்டை ரோஸ் நிறம். அந்த நிறத்தில் அவர் நன்றாகத்தான் இருக்கிறார். சுரண்டை.

ஜூன் 16, ஞாயிறு

ஈரப்பதம் 92. சாரல் கட்டிவிட்டது. ஊரெல்லாம் குற்றாலத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறது. என் வீட்டில் தாள் அப்பளம் மாதிரி வளைந்து கிடக்கிறது. பிரிண்டர் இரண்டு இரண்டாக இழுக்கிறது. பீர் அண்ணாச்சி போனில், "தாளை அரிசி டிரம்முக்குள்ள போட்டு மூடி வைங்க. அரிசி ஈரத்தைக் குடிச்சிரும்" என்றார். என் டிரம்மில் அரிசி அடியில்தான் கிடக்கிறது. இருந்தும் வைத்தேன்.

அடித்த மை காயவே இல்லை. சிவப்பு சட்டையிலிருந்து ஊறிக் கழுத்துக்கு ஏறிவிட்டது. புனலூர் பஸ்ஸில் கொடுத்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

அச்சன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். மலையாளம் கலந்த தமிழ். ஆளைப் பார்க்கவில்லையாம். கேட்க வேண்டும் என்று தோன்றிக் கூப்பிட்டாளாம்.

"சேச்சி, அவரை யாரும் குத்தியோ? நெஞ்சு முழுக்க ரத்தமா இருக்கே படத்தில்."

இல்லை, மழை ஈரத்தில் மை ஊறிவிட்டது என்று சொன்னேன். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அப்புறம், "சேச்சி தனியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டு அடுக்களையில் போய் அழுதேன். பன்னிரண்டு வருஷத்தில் யாரும் இதை இத்தனை நேராகக் கேட்டதில்லை.

ஜூலை 8, திங்கள்

ஆனி 24. இன்றோடு பன்னிரண்டு.

யாரும் படிக்கப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

சுபஸ்ரீ சடங்கு வீட்டுக்கு அவர் அந்தச் சட்டையைப் புதிதாக வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். எனக்குத் தெரியாமல் வாங்கியிருக்கிறார். கண்ணாடியில் இரண்டு மூன்று தடவை பார்த்துக்கொண்டார். பந்தலில் அவர் சொந்தக்காரர்கள், என் சொந்தக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ, "என்ன, மச்சான் மாப்பிள்ளை மாதிரி வந்திருக்காரு" என்றார்கள். நான், "பிள்ளை இல்லாதவருக்குச் சிகப்புச் சட்டை ஒண்ணுதான் கேடு" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நன்றாகத்தான் சொன்னோம் என்று எனக்கும் இருந்தது. அவரும் சிரித்தார். போட்டோக்காரர் அப்போதுதான் அந்தப் படத்தை எடுத்தார். நோட்டீஸில் இருப்பது அந்தச் சிரிப்புதான். கொஞ்ச நேரம் கழித்து, வெற்றிலை குறைகிறது, வாங்கி வருகிறேன் என்று போனார்.

வெற்றிலை எங்கும் குறையவில்லை. மூன்று கவுளி மிச்சம் இருந்தது.

ஒரு சொல்லுக்காகவா ஒருவர் வீட்டை விட்டுப் போவார் என்று பல நாள் எனக்கு நானே கேட்டிருக்கிறேன். ஒரு சொல்லாக இருந்திருக்காது. பதினோரு வருஷ வாழ்க்கையில் நான் தினம் ஒன்று சொல்லியிருப்பேன். அவருக்குக் கணக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

ஜூலை 14, ஞாயிறு

குற்றாலிங்கமும் அவர் மனைவியும் வந்து பத்திரிகை வாசகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சிவகாசியில் அச்சடிக்கப் போகிறார்கள். நான் தட்டச்சு செய்து கொடுத்தால் பிழை வராது என்று இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். எல்லாம் அடித்துவிட்டேன். தாத்தா பாட்டி, தாய்மாமன், அத்தைமார், 'தங்கள் நல்வரவை நாடும்' வரைக்கும். 'ஆவுடையப்பன்' என்பதற்கு முன்னால் மட்டும் ஆறு எழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.

அமாவாசைக்கு ஐயரிடம் சொல்லிவிட்டார்களாம். தர்ப்பைக்கும் சொல்லியாயிற்றாம். "நீங்க மாட்டேன்னா நிறுத்திருதேன் மதினி. ஆனா பிள்ளை கல்யாணம்" என்று குற்றாலிங்கம் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மாட்டேன் என்று சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? நான்கு மாதத்தில் நூற்றைம்பது தாளுக்கு மேல் போயிருக்கிறது. ஏழு பேர் கூப்பிட்டார்கள். மஞ்சள் சட்டை மூன்று, சிவப்பு மூன்று, ரோஸ் ஒன்று.

ஜூலை 21, ஞாயிறு

ஈரப்பதம் 88. பத்து. இந்த வாரம் சரி என்று சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். எனக்கும் களைப்பாக இருக்கிறது.

ஜூலை 27, சனி

காலை பதினோரு மணி இருக்கும். ஒருவருக்கு வாரிசுச் சான்று மனு அடித்துக்கொண்டிருந்தேன். அவர் ரேஷன் கார்டு நகல் எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தார். போன் அடித்தது. தெரியாத எண்.

யாரும் பேசவில்லை. கண்ணாடிக் கிளாஸ் உரசுகிற சத்தமும் பாய்லர் இரைச்சலும் கேட்டன. டீக்கடை.

"நோட்டீஸ் பாத்துக் கூப்பிடுதியளா?" என்றேன்.

"ம்."

"சட்டை என்ன கலரு?" பழக்கத்தில் கேட்டதுதான்.

ரொம்ப நேரம் பாய்லர் மட்டும் இரைந்தது.

"இதுல மஞ்சளால்லா போட்டிருக்கு. அது சிகப்புல்லா."

எழுத முடியவில்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

பன்னிரண்டு வருஷமாக என்னென்னவோ பேச வைத்திருந்தேன். காலில் விழுவதற்கு வைத்திருந்தது, சண்டை போடுவதற்கு வைத்திருந்தது, இரண்டும் உண்டு. ஒன்றும் வரவில்லை. நான் சொன்னது இதுதான்: "பிரிண்டர் அடைச்சிட்டு. சித்திரைக்கு முன்ன காத்து காஞ்சு கெடந்துச்சு. சிகப்பு விழல."

"ஓ" என்றார்.

"நல்லா இருக்கியளா?"

"இருக்கேன்." கிளாஸை வைக்கிற சத்தம் கேட்டது. "இனிமே ஒட்ட வேண்டாம் உலகு."

அவ்வளவுதான். உலகம்மை என்ற பேரை உலகு என்று சுருக்கிக் கூப்பிட இந்த உலகத்தில் வேறு ஆள் கிடையாது.

ஐந்து நிமிஷம் கழித்து அதே எண்ணுக்குக் கூப்பிட்டேன். கடைக்காரர் எடுத்தார். போடியில், ஏல மார்க்கெட் பின்வாசலில் கடையாம்.

"எங்கிட்ட போன் வாங்கிப் பேசுனவருங்களா? நம்ம ராமையா அண்ணன். ஏலக்காய் மூட்டை தைக்கிறவரு. பேசிட்டு மார்க்கெட்டுக்குள்ள போயிட்டாரு. ஏங்க, நீங்க இந்த நோட்டீஸ்ல இருக்கிற நம்பரா?"

"ஆமாண்ணே."

"அது சித்திரையில இருந்து நம்ம கடைக்குள்ளதான் ஒட்டிக் கெடக்கு. அவரு தெனமும் அதுக்குக் கீழ உக்காந்துதான் டீ குடிப்பாரு. அவரு எதுக்கு உங்களுக்குக் கூப்பிட்டாரு? ஆளைக் கண்டாராக்கும்?"

ஏப்ரல் 7-இல் தேனி பஸ்ஸில் போன தாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமலே தெரிந்தது. நான்கு மாதமாகத் தினமும் தன் மஞ்சள் முகத்துக்குக் கீழே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார். கடையில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.

உண்மையைச் சொல்லியிருந்தால் கடைக்காரர் அவரைப் பிடித்து உட்கார வைத்திருப்பார். நாலு பேர் கூடியிருப்பார்கள். சாயங்காலத்துக்குள் நான் போய் இறங்கியிருப்பேன். எல்லோர் முன்னாலும் அவர் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். மறுபடியும் ஒரு பந்தல், மறுபடியும் நாலு பேர்.

"இல்லண்ணே, அவரு தெரிஞ்சவருதான். சும்மா விசாரிச்சாரு" என்றேன். "அந்த நோட்டீஸைக் கிழிச்சிருங்க. ஆளு கிடைச்சாச்சு."

"அப்படிங்களா? ரொம்ப சந்தோசம்மா. எங்க இருந்தாரு?"

"பக்கத்துலதான் இருந்திருக்காரு" என்றேன். கடையின் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

வாரிசுச் சான்றுக்காரர் திரும்பி வந்தபோது, "என்னக்கா, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். தூசி என்றேன். இந்தச் சாரலில் ஏது தூசி?

ஜூலை 28, ஞாயிறு

இன்று நோட்டீஸ் அடிக்கவில்லை.

குற்றாலிங்கத்துக்குப் போன் போட்டேன். "தம்பி, திருன்னே போடுங்க. காரியம் வேண்டாம்."

"என்ன மதினி, இந்நேரம் வந்து இப்படிச் சொல்லுதிய. எல்லாத்துக்கும் சொல்லியாச்சே."

"இருக்காக."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்து உட்காருகிற சத்தம் கேட்டது.

"எங்க மதினி?"

"அதைக் கேக்காதிய. குரலைக் கேட்டேன். இருக்காக."

"வருவாகளா?"

"தெரியல."

"சம்பந்தி வீட்ல நான் என்னன்னு சொல்ல?"

"உங்க அண்ணன் பொண்டாட்டி சொல்லுதான்னு சொல்லுங்க."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அண்ணன் நல்லா இருக்காகளா மதினி? சாப்பாட்டுக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லையே?" என்று கேட்டுவிட்டு, ஐம்பதை நெருங்கும் அந்த மனிதர் போனிலேயே அழுதார். போனவர் என் புருஷன் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். இவருக்கும் அண்ணன் போயிருக்கிறார் என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. குற்றாலிங்கம் பாவநாசத்துக்குப் போய் அவர் அப்பாவுக்கு மட்டும் தர்ப்பணம் செய்துவிட்டு வந்தார். சம்பந்தி வீட்டில் முதலில் முறுக்கினார்களாம். மாப்பிள்ளைதான், "இருக்கிறவருக்கு எப்படிக் கொள்ளி வைக்கது" என்று கேட்டு வாயை அடைத்தாராம். நல்ல பையன்.

ஆறு எழுத்துக்கு விட்டிருந்த இடத்தில் இரண்டு எழுத்து போட்டேன். 'திரு. ஆவுடையப்பன் – திருமதி. உலகம்மை.' சிவகாசிக்கு அனுப்பியாயிற்று.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஈரப்பதம் 63. பீர் அண்ணாச்சி கணக்குப்படி மைக்கும் தாளுக்கும் ஒத்துப்போகிற நாள்.

சிவகாசிப் பத்திரிகைக் கட்டு வந்துவிட்டது. ஆனால் அவருக்கு அனுப்ப வேண்டியதை என் பிரிண்டரிலேயே அடித்தேன். ஒன்றுதான். மேலே பிள்ளையார் நல்ல சிவப்பில் விழுந்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினேன். கீழே ஓரத்தில் பேனாவால், 'சிகப்புச் சட்டையே போட்டுட்டு வாங்க' என்று எழுதினேன். அதற்குக் கீழே, 'நான் அன்னைக்குச் சொன்னது தப்பு' என்றும் எழுதினேன். இதற்குப் பன்னிரண்டு வருஷம்.

உறையின் மேல் 'ராமையா அவர்கள்' என்று எழுதி, டீக்கடை விலாசம் போட்டேன். அவர் எந்தப் பேரில் இருக்க விரும்புகிறாரோ அந்தப் பேரிலேயே போகட்டும்.

செப்டம்பர் 5, வியாழன்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. என்னைப் பன்னீர்ச் செம்போடு மண்டப வாசலில் நிறுத்தியிருந்தார்கள். சுபஸ்ரீயே வந்து, "பெரியம்மைதான் நிக்கணும்" என்று செம்பைக் கையில் கொடுத்தாள். பன்னிரண்டு வருஷமாக எந்த விசேஷ வீட்டிலும் அடுக்களைப் பக்கம் ஒதுங்கியே நின்றவள் நான். வாசல் வெளிச்சத்தில் கண் கூசிற்று.

காலை ஆறு மணி முதல் பதினொன்று வரை நின்றேன். சிவப்புச் சட்டை பதினொன்று வந்தது. எல்லாம் மாப்பிள்ளையின் சிநேகிதப் பையன்கள்.

அவர் வரவில்லை.

வருவார் என்று நினைத்தேன். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? கடைசிப் பந்தி வரைக்கும் நினைத்தேன். செம்பில் பன்னீர் தீர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஈரப்பதம் 58. பிரிண்டருக்கு வாரத் தாள் அடிக்க வேண்டிய நாள். நோட்டீஸைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டேன். காணவில்லை என்று இனிப் போட முடியாது. போடியில் இருக்கிறார். வரவில்லை, அவ்வளவுதான். இரண்டும் வேறு வேறு என்று புரிய இத்தனை தாள் செலவாயிற்று.

வேறு கலர்ப் படம் தேடினேன். சுபஸ்ரீ கல்யாணப் படங்கள் கொஞ்சம் போனில் அனுப்பியிருந்தாள். ஒன்றில் நான் இருக்கிறேன். அரக்குப் பட்டு, கையில் வெள்ளிச் செம்பு, பின்னால் வாழைமரம். யாரோ சிரிக்க வைத்திருக்கிறார்கள். நெற்றியில் குங்குமம் நன்றாகத் தெரிகிறது. எல்லா நிறமும் இருக்கிற படம்தான்.

அடித்தேன். சிவப்பு முழுசாக விழுந்தது. எத்தனை பிரதி என்று கம்ப்யூட்டர் கேட்டபோது கை பழக்கத்தில் பத்து என்று போட்டுவிட்டது. அழித்து, ஒன்று என்று போட்டேன். மை காய்ந்ததும் சுவரில் ஒட்டினேன்.